245,575,512: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் சனிக்கிழமை காலையில் நான் நடத்தும் கணித வகுப்புக்குத் தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். போன மாதம் சந்திக் கொமியுனிகேஷன் கடையில் ரீலோட் போட்ட துண்டை மேசையில் வைத்து, "சேர், இந்த இலக்கத்துக்கு எத்தனை காரணி இருக்கும்?" என்று கேட்டாள். துண்டில் இருந்தது 245575512. பக்கத்தில் இருந்தவன் உடனே போனை எடுத்தான். "தம்பி, அதைப் பைக்குள்ளே வையுங்கோ, நாங்கள் கையாலேயே பார்ப்போம்" என்றேன். வகுப்பு முடிவதற்குள் விடை வந்துவிட்டது: 192 காரணிகள், அதாவது அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 192.

அன்று பலகையில் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் கையில் இருக்கும் எந்தப் பெரிய எண்ணுக்கும், மின்சார பில்லில் இருப்பதோ பஸ் டிக்கெட்டில் இருப்பதோ, இதே வழி பொருந்தும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் முதன்மை எண் என்பது உங்கள் பகா எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் அது.

முதல் வேலை: கமா போடுங்கள்

வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 245,575,512. இருநூற்று நாற்பத்தைந்து மில்லியன் ஐந்நூற்று எழுபத்தையாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் இதையே 24,55,75,512 என்று எழுதி, இருபத்து நான்கு கோடியே ஐம்பத்தைந்து இலட்சம் என்று வாசிக்கத் தொடங்குவார். எண் ஒன்றுதான். ஆனால் காரணி தேடும் வேலைக்குக் கொழும்பில் நாங்கள் போடும் கமாதான் வசதி.

காரணம் ஆயிரத்தின் இரண்டு அயலவர்கள். ஆயிரத்துக்கு ஒன்று குறைந்தது 999. அது 27 × 37. ஆயிரத்துக்கு ஒன்று கூடியது 1001. அது 7 × 11 × 13. மனக்கணக்காக வகுக்கச் சிரமமான 7, 11, 13, 37 நான்கும் ஆயிரத்துக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருக்கின்றன. மூன்று மூன்றாகப் பிரித்த எண்ணில் அவற்றை வெறும் கூட்டலாலும் கழித்தலாலும் பிடித்துவிடலாம். பாடப் புத்தகத்தில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கடைசி இலக்கங்கள் சொல்வது

கடைசி இலக்கம் 2. ஆகவே இரட்டை எண், 5ஆல் வகுபடாது. இன்னொன்றும் அந்த ஒரே இலக்கத்தில் தெரிகிறது: இது வர்க்க எண் (ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி வருவது) அல்ல. வர்க்க எண் எதுவும் 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியாது.

4க்குக் கடைசி இரண்டு இலக்கத்தையும் 8க்குக் கடைசி மூன்று இலக்கத்தையும் பார்க்க வேண்டும். 1000 என்பது 8 × 125 என்பதால், ஆயிரங்கள் எத்தனை இருந்தாலும் 8ஆல் வகுபட்டுவிடும். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் சோதித்தால் போதும். இங்கே அது 512. 512 = 8 × 64. வகுபடுகிறது.

இந்த இடத்தில் வகுப்பில் நல்ல விவாதம் வந்தது. "512 என்பது இரண்டின் ஒன்பதாம் வலு, அதாவது ஒன்பது இரண்டுகளின் பெருக்கம். அப்படியென்றால் முழு எண்ணும் 512ஆல் வகுபடும்தானே சேர்?" என்று ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானது, ஆனால் முடிவு பிழை. கடைசி மூன்று இலக்கத்துக்கு 8 வரைக்கும்தான் பேச உரிமை உண்டு. 16ஐச் சோதிக்கக் கடைசி நான்கு இலக்கம் வேண்டும்: 5512. அதை 16ஆல் வகுத்தால் 344 வந்து 8 மீதியாகிறது. ஆகவே இந்த எண்ணில் இரண்டு என்ற காரணி சரியாக மூன்று தடவைதான் இருக்கிறது.

கூட்டினால் 9, 37. மாறி மாறிக் கழித்தால் 7, 11, 13

மூன்று தொகுதிகளையும் கூட்டுங்கள்.

245 + 575 + 512 = 1332

அதையும் கமா போட்டு மறுபடி கூட்டுங்கள்: 1 + 332 = 333. இது 9 × 37. ஆகவே மூல எண் 9ஆலும் வகுபடும், 37ஆலும் வகுபடும். 333ஐ 27ஆல் வகுத்தால் 9 மீதி வருவதால் 27 கிடையாது. ஒரே கூட்டலில் மூன்று செய்தி. இலக்கச் சுட்டி (இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டியது) பார்த்தும் 9ஐச் சரிபார்க்கலாம்: 2+4+5+5+7+5+5+1+2 = 36, 3+6 = 9. ஆனால் இலக்கச் சுட்டி 37ஐக் காட்டித் தராது.

இனி வலப்பக்கத்திலிருந்து ஒரு தொகுதியைக் கூட்டி அடுத்ததைக் கழித்து மாறி மாறிப் போங்கள்.

512 − 575 + 245 = 182

182 = 2 × 7 × 13. ஆகவே மூல எண் 7ஆலும் 13ஆலும் வகுபடும். 182ஐ 11ஆல் வகுத்தால் 6 மீதி; ஆகவே 11 இல்லை. மூல எண்ணை 11ஆல் நேரடியாக வகுத்தாலும் அதே 6தான் மீதியாக வரும்.

இது ஏன் சரியாக வருகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மந்திரம் மாதிரி ஆகிவிடும். எங்கள் எண் 245 மில்லியன், 575 ஆயிரம், அப்புறம் 512. ஆயிரம் என்பது 1001இல் ஒன்று குறைவு. ஆகவே 1001ஆல் வகுக்கும்போது ஒவ்வோர் ஆயிரமும் −1ஐத்தான் மீதியாக விட்டுச் செல்கிறது. மில்லியன் என்பது ஆயிரத்தின் ஆயிரம்; அதன் மீதி −1ஐ −1ஆல் பெருக்கியது, அதாவது +1. அதனால்தான் 245க்குக் கூட்டல் குறி, 575க்குக் கழித்தல் குறி. 999 என்றால் ஒவ்வோர் ஆயிரமும் +1 மீதி விடும்; அங்கே எல்லாமே கூட்டல். இவ்வளவுதான் விஷயம்.

இனி வகுக்கலாம்

எவை வகுக்கும் என்று தெரிந்துவிட்டதால் நீள்வகுத்தலில் வீண் முயற்சி இல்லை.

245,575,512 ÷ 8 = 30,696,939
30,696,939 ÷ 9 = 3,410,771
3,410,771 ÷ 7 = 487,253
487,253 ÷ 13 = 37,481
37,481 ÷ 37 = 1,013

ஒவ்வொரு படியிலும் வந்த ஈவைத் திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள். நடுவில் ஓர் இலக்கம் பிழைத்தால் கீழே உள்ள எல்லாம் பிழைக்கும்.

37,481இல் நின்று "இது முதன்மை எண்தான்" என்று எழுதிவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதன் தோற்றம் அப்படி. வரிசையாக 17, 19, 23, 29, 31 என்று போய்ப் பார்த்தால் ஒன்றும் வகுபடாது, கை சலித்துவிடும். அடுத்ததுதான் 37. தொகுதிகளைக் கூட்டியபோதே 37 இருக்கிறது என்று தெரிந்துகொண்டதால் நாங்கள் அந்த ஐந்து வகுத்தலையும் செய்யவே இல்லை.

மிச்சம் 1013. இது முதன்மை எண்ணா? அதன் வர்க்கமூலம் 32க்குச் சற்றுக் குறைவு. ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்தால் அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. ஆகவே 31 வரையுள்ள முதன்மை எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 2, 3, 5 இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். 7க்கு மீதி 5. 11க்கு 1. 13க்கு 12. 17க்கு 10. 19க்கு 6. 23க்கு மறுபடி 1. 29க்கு 27. 31க்கு 21. எதுவும் சரியாக வகுபடவில்லை. 1013 முதன்மை எண்.

ஆக, 245,575,512 = 2³ × 3² × 7 × 13 × 37 × 1013.

இந்த வரி கிடைத்துவிட்டால் அந்த எண்ணின் குணங்கள் எல்லாம் கையில் கிடைத்த மாதிரி. இனிமேல் வருவதெல்லாம் சிறு பெருக்கல்கள்தாம்.

அதற்கு முன் ஒன்று. 1013ஐ விட்டுவிட்டு மற்றதை எல்லாம் பெருக்கிப் பாருங்கள்: 8 × 9 × 7 × 13 × 37 = 242,424. பலகையில் இதை எழுதியபோது வகுப்பே ஒரு கணம் பேசாமல் இருந்தது. 24, 24, 24. தற்செயல் அல்ல; 3 × 7 × 13 × 37 = 10,101. எந்த ஈரிலக்க எண்ணை 10,101ஆல் பெருக்கினாலும் அது மூன்று தடவை திரும்ப வரும். மிச்சம் இருந்தது 8 × 3 = 24. ரீலோட் துண்டில் ஒழுங்கே இல்லாமல் தெரிந்த இலக்கம், உண்மையில் 242,424 × 1,013.

எத்தனை காரணிகள்?

பிள்ளை கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். ஒரு காரணியைச் செய்வது சோற்றுப் பார்சல் கட்டுவது போல. இரண்டு என்ற கறி மூன்று கரண்டி இருக்கிறது: போடாமலே விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று போடலாம். நான்கு வழி. மூன்று என்ற கறி இரண்டு கரண்டி: மூன்று வழி. 7, 13, 37, 1013 ஒவ்வொரு கரண்டி: ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. கறி போடாத வெறும் பார்சல்தான் 1 என்ற காரணி.

4 × 3 × 2 × 2 × 2 × 2 = 192

சுட்டி (ஒரு முதன்மைக் காரணி எத்தனை தடவை வருகிறது என்ற எண்) ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குவது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். காரணிகள் சோடி சோடியாக வரும், 96 சோடிகள். 245,575,512 சிறு ஓடுகளை நீள்சதுரமாக அடுக்க 96 வெவ்வேறு வழிகள் உண்டு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எண் பெரிதானால் காரணி கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. 360,360 என்பது 2³ × 3² × 5 × 7 × 11 × 13. சுட்டிகள் அதே மாதிரி. ஆகவே அதற்கும் 192 காரணிகள். அளவிலோ எங்கள் எண்ணில் அறுநூறில் ஒரு பங்கு கூட இல்லை. 192 காரணிகள் உள்ள எண்களில் மிகச் சிறியது 332,640. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணி கொண்ட இத்தகைய எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். காரணி எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எண்ணின் பருமன் அல்ல, உள்ளே சுட்டிகள் அமைந்திருக்கும் விதம்.

காரணிகளின் கூட்டுத்தொகை

192 காரணிகளையும் எழுதிக் கூட்டத் தேவையில்லை. ஒவ்வொரு முதன்மைக் காரணிக்கும் அதன் வலுக்களைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் சரி.

2க்கு: 1 + 2 + 4 + 8 = 15. 3க்கு: 1 + 3 + 9 = 13. மற்றவற்றுக்கு ஒன்றைக் கூட்டினால் போதும்: 8, 14, 38, 1014.

15 × 13 × 8 × 14 × 38 × 1014 = 841,538,880

இதில் எண்ணும் ஒரு காரணியாகச் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 595,963,368. தன்னைவிடச் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை விட இரண்டு மடங்குக்கும் மேல். இப்படித் தன்னைத் தாண்டிப் போகும் எண்ணை மிகை எண் என்பார்கள். 6 அப்படியல்ல: 1 + 2 + 3 = 6, அச்சொட்டாகத் தானே வந்து நிற்கும். 28உம் அவ்வாறே.

பொதுக் காரணி இல்லாதவை

1இலிருந்து 245,575,512 வரை எண்ணிப் போனால், எங்கள் எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இரட்டை எண்கள் எல்லாம் கழிகின்றன, பாதி மிஞ்சுகிறது. மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு 3ஆல் போகிறது. அப்புறம் ஏழில் ஒரு பங்கு, பதின்மூன்றில் ஒரு பங்கு, இப்படியே 1013 வரை. கடைசியில் மிஞ்சுவது

4 × 6 × 6 × 12 × 36 × 1012 = 62,954,496

கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் ஆராய்ந்தார். இன்று வங்கிகளும் இணையத்தளங்களும் செய்திகளைப் பூட்டப் பயன்படுத்தும் ஆர்.எஸ்.ஏ. முறை அதன் மேல்தான் நிற்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977இல் அமைத்த முறை அது. இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணைப் பிரிப்பது மகா கடினம். எங்கள் எண் எளிதில் பிரிந்ததற்குக் காரணம் சின்னக் காரணிகள் நிறைய இருந்தது. அப்படி எதுவும் வைக்காமல் செய்த 250 இலக்க எண் ஒன்று, போட்டிக்காக வெளியிடப்பட்டது, 2020இல்தான் பிரிக்கப்பட்டது. பல கணினிகள் சேர்ந்து செய்த வேலை அது.

வர்க்கங்களோடு உறவு

வர்க்க எண் அல்ல என்பது முன்பே தெரியும். எங்கே நிற்கிறது என்று பார்த்தால், 15,670இன் வர்க்கம் 245,548,900. 15,671இன் வர்க்கம் 245,580,241. இரண்டுக்கும் நடுவில், பின்னதற்குக் கிட்ட. ஆகவே வர்க்கமூலம் ஏறத்தாழ 15,670.85.

காரணி எதுவும் கண்டுபிடிக்காமல் மூல எண்ணை அப்படியே சோதித்திருந்தால், 15,670 வரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டி வந்திருக்கும். ஒவ்வொரு காரணி கழியக் கழிய அந்த எல்லையும் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் 31இல் வந்து நின்றது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா? 1013ஐ எழுதலாம்: 22² + 23² = 484 + 529 = 1013. அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்கள்! ஆனால் முழு எண்ணை எழுத முடியாது. 4ஆல் வகுத்தால் 3 மீதி வரும் முதன்மைக் காரணி ஏதாவது ஒற்றைச் சுட்டியில் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எங்கள் எண்ணில் 7 அப்படி இருக்கிறது. 3உம் அந்த இனம்தான். ஆனால் அதன் சுட்டி 2 என்பதால் தடை இல்லை. ஒரே ஒரு 7 கதவை மூடிவிட்டது. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும். நான்கு வர்க்கங்கள் என்றால் எந்த முழு எண்ணாலும் முடியும். அதை 1770இல் லக்ராஞ்ச் நிறுவினார்.

துவித எண்ணாக

துவித எண் என்பது 0, 1 இரண்டை மட்டும் கொண்டு எழுதுவது. எண்ணை இரண்டால் வகுத்து வகுத்து மீதியை எழுதிக்கொண்டு போங்கள்; கடைசி மீதியிலிருந்து மேல்நோக்கி வாசித்தால்

1110 1010 0011 0010 1111 0101 1000

இருபத்தெட்டு இலக்கங்கள், அவற்றில் பதினைந்து ஒன்றுகள். முடிவில் மூன்று பூச்சியங்கள் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு என்ற காரணி மூன்று தடவை இருப்பதன் அடையாளம் அது. 512 பற்றி வாதாடிய தம்பிக்கு இதைக் காட்டியபோதுதான் முழுத் திருப்தி.

பக்கத்து வீட்டு எண்

ஒரு நல்ல பயிற்சி, அடுத்த எண்ணை எடுப்பது: 245,575,513. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்க முடியாது. இருந்தால் அது அவற்றின் வித்தியாசமான 1ஐயும் வகுக்க வேண்டும். ஆகவே 2, 3, 7, 13, 37, 1013 ஆறையும் தொடாமலே விடலாம். கடைசி இலக்கம் 3. ஆகவே 5 இல்லை. 513 − 575 + 245 = 183; 11ஆல் வகுத்தால் 7 மீதி. 17க்கும் 7 மீதி. 19ஆல் வகுத்தால் சரியாக 12,925,027 வருகிறது.

அதற்கு மேல் பிரியுமா என்று பார்க்க 3,595 வரையுள்ள முதன்மை எண்களைச் சோதிக்க வேண்டும். ரீலோட் துண்டு கொண்டுவந்த பிள்ளை அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, முதன்மை எண் ஒருபக்கம், மீதி மறுபக்கம் என்று எழுதி வருகிறாள். போன சனிக்கிழமை 73 வரை வந்திருந்தாள். 43க்கு எதிரே 1 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாள். "ஒன்றால தப்பிட்டுது சேர்" என்றாள்.